வலிக்கும்போதே எடுக்க வேண்டிய டெஸ்ட்

என் வயிற்றுவலிக்குப் பெயர் அக்யூட் இன்டர்மிட்டன்ட் போர்ஃபிரியா, பரம்பரையாக வரும் ஓர் அரிய நோய். அதைக் கண்டுபிடிக்கப் பல வருடங்கள் ஆயின. கண்டுபிடித்துக் கொடுத்ததோ ஒரு சின்ன டப்பா சிறுநீர்.

இருபதுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. இந்த இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. வயிறு முழுக்க முறுக்கும், முதுகுக்கும் தொடைக்கும் இறங்கும். கூடவே வாந்தி, மலச்சிக்கல், படபடப்பு. கண்ணை மூடினாலும் தூக்கம் வராது. சில நாள் ஆட்டிவைத்துவிட்டுத் தானாக அடங்கும், நானும் எழுந்து வேலைக்குப் போய்விடுவேன்.

டாக்டர்கள் முறைப்படிதான் பார்த்தார்கள். இளம்பெண் அடிவயிறு வலிக்கிறது என்று வந்தால் முதலில் கருக்குழாயில் கர்ப்பம் தங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், அது உயிருக்கே ஆபத்து. பிறகு குடல்வால், சினைப்பைக் கட்டி, பித்தப்பைக் கல், எண்டோமெட்ரியோசிஸ். ஸ்கேனும் எண்டோஸ்கோபியும் நார்மல். நான் துடித்துக்கொண்டிருப்பேன், டாக்டர் கை வைத்து அழுத்தினால் வயிறு மெத்தென்று இருக்கும். அந்தப் பொருத்தமின்மையை வைத்து ஒருவர் 'டென்ஷன்' என்று எழுதினார். உண்மையில் அதுதான் துப்பு. இந்த நோயில் குடல் அழற்சி கிடையாது, அடிவாங்குவது நரம்புகள்.

எமர்ஜென்சியில் ஒரு இளம் டாக்டர், ரத்தத்தில் சோடியம் குறைந்திருப்பதைப் பார்த்து நின்றார். வாந்தியால் இருக்கலாம் என்று விட்டுவிடவில்லை. வலி எப்போதெல்லாம் வருகிறது என்று கேட்டார். டைரியைக் காட்டினேன்: பெரும்பாலும் மாதவிடாய்க்கு முந்தைய வாரம். "அதுக்கு முன்னாடி சரியா சாப்பிட்டியாம்மா?" என்றார். கேஸ் தொல்லை, வயிற்றைக் காயப்போடு என்று எனக்கு ஏற்கெனவே ஆலோசனை சொல்லியிருந்தார்கள். சிறுநீர் நிறம் மாறுகிறதா என்பது அடுத்த கேள்வி. வைத்திருந்தால் கருஞ்சிவப்பாகிறது என்றேன். உடனே நர்ஸைக் கூப்பிட்டு, புதிதாக ஒரு சாம்பிள் எடுத்து, வெளிச்சம் படாமல் ஃபாயில் சுற்றி லேபுக்கு அனுப்பச் சொன்னார்.

பார்க்கச் சொன்னது போர்ஃபோபிலினோஜன் என்ற வேதிப்பொருளின் அளவு. வழக்கமான யூரின் டெஸ்டில் இது வராது, பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஒருநாள் முழுக்கச் சேர்த்து வைக்கத் தேவையில்லை, ஒரே சாம்பிள் போதும். ஆனால் வலி இருக்கும்போதே எடுக்க வேண்டும், ஓய்ந்து நாளாகிவிட்டால் அளவு இறங்கிவிடக்கூடும். அதனோடு தொடர்புடைய போர்ஃபிரின் என்ற பொருளை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோகலாம், அது வேறு காரணங்களாலும் கொஞ்சம் கூடும். எனக்கு போர்ஃபோபிலினோஜன் இயல்பைவிடப் பல மடங்கு இருந்தது. பிறகு மரபணுச் சோதனை உறுதிசெய்தது.

விஷயம் இதுதான். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற பொருள் உடலில் உருவாகும் பாதையில் எனக்கு ஒரு என்சைம் ஏறக்குறைய பாதியளவே வேலை செய்கிறது. பட்டினி, மாதவிடாய்க்கு முன் கூடும் ஹார்மோன், சல்ஃபா வகை மருந்து, சில வலிப்பு மாத்திரைகள், மது ஆகியவை கல்லீரலில் அந்தப் பாதையை முடுக்கிவிடும். வேகம் கூடும்போது பாதி வழியில் தேங்கும் பொருள்கள் நரம்பைப் பாதிக்கின்றன. வயிற்றைக் காயப்போட்டது எரிகிற தீயில் எண்ணெய்தான்.

சிகிச்சைக்குக் குளுக்கோஸ் ட்ரிப்ஸ், பிறகு ரத்தக்குழாய் வழியாக ஹீமின் என்ற மருந்து. அடிக்கடி வருபவர்களுக்குத் தடுப்பாக கிவோசிரான் என்ற ஊசி உண்டு, 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனக்கு இதுவரை அது தேவைப்படவில்லை.

அம்மாவுக்கும் அதே மரபணு மாற்றம் இருக்கிறது, ஆனால் ஒருநாளும் வலி வந்ததில்லை. மாற்றம் உள்ளவர்களில் பெரும்பாலோர் அப்படித்தானாம். தங்கைக்கும் அந்த மாற்றம் இருப்பதற்குச் சரிபாதி வாய்ப்பு, அவள் இன்னும் சோதித்துக்கொள்ளவில்லை. எந்த மாத்திரை எழுதினாலும் பாதுகாப்பான மருந்துப் பட்டியலில் பார்த்துவிட்டுத்தான் விழுங்குகிறேன். பல் டாக்டரிடமும் முதலில் அந்தப் பட்டியலைத்தான் நீட்டுகிறேன்.