கட்டி முடித்த பிறகு யார் பார்த்துக்கொள்வது?

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வீடுகள் வடிவமைப்பது, பழமையான கட்டடங்களைப் பழுதுபார்த்து மீட்பது என்ற இரண்டு வேலைகளுக்கு நடுவிலேயே என் தொழில் வாழ்க்கை போய்க்கொண்டிருக்கிறது. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது பொருந்தாத ஜோடி. ஒன்றைச் சிக்கனமாகச் சீக்கிரம் முடிக்க வேண்டும், மற்றதைச் செலவு பார்க்காமல் பொறுமையாகச் செய்யலாம் என்று நினைக்கிறார்கள். எனக்கு இரண்டிலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். சாரத்தைப் பிரித்துக்கொண்டு நாங்கள் கிளம்பிய பிறகு, இந்தக் கட்டடத்தை யார், எந்தப் பொருளை வைத்து, எந்தக் காசில் பராமரிப்பார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்கவைத்தவை பழைய சுவர்கள். நூறு வருடம் தாண்டிய செங்கல் சுவர் உதிர்ந்து கிடந்தால் எல்லோரும் வயதைக் குறை சொல்வார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் இடையில் யாரோ செய்த ரிப்பேர்தான் அதைக் கெடுத்திருக்கும். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பிறகு கல் இடுக்குகளில் இருக்கும் கலவை வழியாகவே அதை வெளியே விட்டுவிடும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெதுவாக இறுகும், இறுகிய பிறகும் செங்கல்லைவிட மென்மையாகவே இருக்கும். அதனால் சுவர் லேசாக அசைந்தாலும் விரிசல் பெரும்பாலும் கலவையோடு நின்றுவிடும், கல்லுக்குப் போகாது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேறும் வழி அடைபடுகிறது. ஓதம் மேலே மேலே ஏறுகிறது. உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதன் முகத்தைப் பொடியாக உதிர்க்கிறது. வெளியே பூச்சு திடமாக நிற்கும். விரலால் தட்டினால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கி, எது வரை கொத்தி எடுக்க வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போடும் கொத்தனார் எனக்கு எந்த அளவைக் கருவியையும்விட முக்கியமானவர். இந்தத் தொழிலில் நான் அதிகம் கற்றது அவர்களிடம்தான்.

உலகம் கொண்டாடும் கட்டடங்களும் இதற்கு விலக்கில்லை. ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் உள்ள கோயில்களில் பழங்காலக் கிரேக்கர்கள் பளிங்குக் கற்களை இரும்புப் பட்டைகளால் பிணைத்து, மேலே ஈயத்தை உருக்கி ஊற்றி மூடினார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் நடந்த சீரமைப்பில் ஈய மூடல் இல்லாத இரும்பை வைத்தார்கள். அது துருப்பிடித்து, பருத்து, பளிங்கையே பிளந்தது. 1975க்குப் பிறகு தொடங்கிய பணிகளில் அந்த இரும்பை எடுத்துவிட்டு டைட்டானியம் வைத்து வருகிறார்கள்.

அதே துரு மலிவு விலைக் குடியிருப்பின் பால்கனியிலும் வேலை செய்கிறது. கம்பிக்கு மேலே காங்கிரீட் மூடல் சில மில்லிமீட்டர் குறைந்தால் போதும், ஈரம் உள்ளே போய்க் கம்பி பருத்து, கீழ்த்தளத்துக் குடும்பத்தின் தலைக்கு மேல் காங்கிரீட் பெயர்ந்து விழும். பளிங்குக் கோயிலுக்கு டைட்டானியம் கொண்டுவர ஆட்கள் இருப்பார்கள். இந்தப் பால்கனிக்கு யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் காங்கிரீட் போடும் நாளில் நானே ஏறிப் போய்க் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (மூடல் குறையாதபடி கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன்.

வடிவமைப்பைத் தாண்டி, பணம் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950களில் எழுந்த புரூயிட் ஐகோ குடியிருப்பில் பதினோரு மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள் இருந்தன. செலவைக் குறைக்க, லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காதபடி அமைத்தார்கள். பராமரிப்புச் செலவு குடியிருப்போரின் வாடகையிலிருந்தே வர வேண்டும் என்பது ஏற்பாடு. நகரத்தை விட்டு மக்கள் வெளியேறினார்கள், வீடுகள் காலியாயின, வாடகை குறைந்தது, பராமரிப்பு நின்றது. 1972இல் இடிக்கத் தொடங்கினார்கள். பழியில் பெரும்பகுதி கட்டடக்கலைஞர் மேல் விழுந்தது. அந்த லிப்டை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் கட்டுவதற்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டு நடத்துவதற்கு ஒதுக்காத திட்டம், எந்த வரைபடம் போட்டாலும் விழத்தான் செய்யும்.

சிலியின் இக்கிகே நகரில் கட்டடக்கலைஞர் அலெஹாந்திரோ அரவேனாவின் குழு 2004இல் முடித்த கின்டா மன்ரோய் குடியிருப்பை மாணவர்களுக்கு அடிக்கடி எடுத்துச் சொல்வேன். நிலம், சாலை, வீடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு 7,500 டாலர்தான் மானியம். அவர்கள் பாதி வீட்டைக் கட்டினார்கள், மீதிப் பாதிக்கு இடத்தைக் காலியாக விட்டார்கள். பலர் இதை மலிவான தந்திரம் என்று நினைக்கிறார்கள். எந்தப் பாதியைக் கட்டினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சமையலறை, குளியலறை, படிக்கட்டு, பொதுச்சுவர் என்று ஒரு குடும்பம் தனியாகச் செய்துகொள்ளத் திணறும் பகுதிகளை முதலில் கொடுத்தார்கள். இந்தூரின் ஆரண்யா குடியிருப்பில் கட்டடக்கலைஞர் பாலகிருஷ்ண தோஷி அடிப்பீடத்தையும் கழிப்பறையையும் கொடுத்து மற்றதைக் குடும்பங்களின் கையில் விட்டதும் இதே கணக்குத்தான்.

என் திட்டம் ஒன்றில், குடியேறப் போகும் குடும்பங்களைக் கூட்டி வரைபடத்தை விளக்கிக்கொண்டிருந்தோம். ஒரு பெண் எழுந்து, “குழாய் உடைந்தால் எங்க வீட்டுத் தண்ணியை மட்டும் எப்படிங்க நிறுத்துவது?” என்று கேட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி அடைப்பு வால்வு எஸ்டிமேட்டில் இருந்தது. ஆனால் செலவைக் குறைக்கும்போது முதலில் அடிபடுவது இந்த மாதிரி அயிட்டங்கள்தான். மாடிக்கு ஒரு வால்வு போதும் என்றார்கள் செலவைக் குறைக்கச் சொன்னவர்கள். அந்தக் கேள்வியை அப்படியே எழுதி அவர்களுடைய கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். வால்வு நின்றது, முகப்பின் அலங்காரச் சட்டங்கள் போயின. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

பழையதைக் காப்பதும் வீடு கொடுப்பதும் ஒரே வேலையாக ஆகும் இடங்களும் உண்டு. பிரான்சின் போர்தோ நகரில், 1960களில் கட்டிய 530 வீடுகளை இடிக்காமல், ஒவ்வொன்றுக்கும் வெளிப்புறத்தில் ஆழமான கண்ணாடி முன்கூடம் சேர்த்தார்கள் கட்டடக்கலைஞர்கள் லகாதோன், வஸால் மற்றும் அவர்களுடைய கூட்டாளிகள். வேலை நடந்தபோதும் மக்கள் அங்கேயே குடியிருந்தார்கள். 2019இல் ஐரோப்பாவின் கட்டடக்கலை விருதான மீஸ் வான் டெர் ரோ விருது அதற்குக் கிடைத்தது. பழைய நினைவுச்சின்னங்களைக் காப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964இன் வெனிஸ் சாசனமும், சமூகத்துக்குப் பயன்படும் வேலைக்கு ஒரு நினைவுச்சின்னத்தைப் பயன்படுத்துவது அதைக் காக்க உதவும் என்றே சொல்கிறது. ஆள் குடியிருக்கும் கட்டடத்தில் கூரை ஒழுகினால் அன்றே தெரிந்துவிடும் அல்லவா!

இப்போது எனக்கு அதிகம் வருபவை பழைய கிடங்குகளையும் அலுவலகங்களையும் வீடுகளாக மாற்றும் வேலைகள். கழிப்பறைகளையும் சமையலறைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எல்லாக் குழாய்களையும் ஒரே குழாய்க்கூண்டில் இறக்குகிறேன். பழைய சுவரை வெட்ட வேண்டியதில்லை, பிளம்பரும் உள்ளே நின்று வேலை பார்க்கலாம். சிக்கல் வெளிச்சத்தில்தான். அகலமான கிடங்கின் நடுப்பகுதிக்கு ஜன்னல் எட்டாது. முகப்பைக் காப்பாற்றிவிட்டு, இருட்டறையில் ஒரு குடும்பத்தைக் குடிவைக்க என்னால் முடியாது. தளத்தின் ஒரு பகுதியைத் திறந்து நடுவில் முற்றம் எடுக்க வேண்டும் என்கிறேன். பாரம்பரியக் குழுவில் சிலர் அதைச் சேதம் என்கிறார்கள், முதலீட்டாளர் தரப்பு அதை வீணாகும் பரப்பு என்கிறது. அடுத்த கூட்டத்துக்கு, திறப்பதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு அறைக்கும் எவ்வளவு பகல் வெளிச்சம் வரும் என்ற கணக்கைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.