கூட்ஸ் வண்டி போற வரைக்கும்

ஜூலை 9, 2024, செவ்வாய்

என் புள்ள குட்டிக்கு காது டெஸ்ட் எடுக்க ஆகஸ்ட் 20ன்னு தேதி கொடுத்துட்டாங்க. முழுசா ஆறு வாரம்.

ஜூலை 10, புதன்

ராத்திரி தூக்கமே இல்ல. டாக்டர் கேட்டதெல்லாம் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பறானா? சில நேரம். எதையாவது விரல் நீட்டிக் காட்றானா? காட்றான். காட்டிட்டு உங்க மூஞ்சியப் பாக்கறானா? அங்கதான் எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. ரெண்டே கால் வயசா இவனோடவே கிடக்கறேன், இதைக் கவனிச்சதில்ல. அவன் காட்டற பக்கம் பாப்பேன், இல்லன்னா அடுப்பப் பாப்பேன்.

எதுலயும் ரெண்டு நிமிஷம் நிக்க மாட்டேங்கறான் சார்னு சொன்னேன். இந்த வயசுக்கு நாலஞ்சு நிமிஷம் இருந்தாலே போதும்மா, ஒரு வயசுக்கு ரெண்டு மூணு நிமிஷம்னு தோராயமா கணக்கு வச்சுக்கோங்க, அதுவும் அவனுக்குப் புடிச்சதுலன்னாரு. முதல்ல காது பாத்துடலாம்னாரு. அடிக்கடி சளி புடிக்கற புள்ளைக்கு செவிப்பறைக்குப் பின்னால நீர் கட்டிக்கிட்டா பேச்சு மங்கலாத்தான் கேக்குமாம். பாக்கறவங்களுக்குக் கவனிக்காத புள்ள மாதிரியே தெரியுமாம்.

ஆனா கூட்ஸ் வண்டி ஊதுனா வாசலுக்கு ஓடறானே. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் இங்கிருந்து ரெண்டு தெரு தள்ளி. அது கேக்குது, நான் பக்கத்துல நின்னு கூப்பிடறது கேக்கலையா? அதையும் கேட்டேன். விசில் வேற, பேச்சு வேறம்மான்னாரு.

ஜூலை 11, வியாழன்

இன்னையில இருந்து சாப்பாட்டுக்கு போன் இல்ல. ரெண்டு வயசுக்கு மேல ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் எல்லை, அதுக்குக் கீழ வேணவே வேணாம்னு சொன்னாங்க. இவன் பத்து மாசத்துல இருந்து போன் பாத்துக்கிட்டுத்தான் சாப்பிடறான். அதை அங்க நான் சொல்லல.

ஜூலை 12

மதியம் ரெண்டு வாய். ராத்திரி அதுவும் இல்ல.

ஜூலை 14, ஞாயிறு

இவரு விடியக்காலம் காசிமேடு போயி சங்கரா வாங்கியாந்தாரு. முள்ளெல்லாம் எடுத்து, குட்டிக்குத் தனித் தட்டு போட்டுத் தரையில உக்கார வச்சேன். ஊட்டல. சும்மா பக்கத்துல உக்காந்தேன். விரலால பிச்சுப் பிச்சு, மூக்குல ஒட்டிக்கிட்டு, தரையெல்லாம் சோறு. தட்டு காலி ஆயிடுச்சு! மூணு நாள் கழிச்சு. சமையல்கட்டுக்குள்ள போயி அழுதுட்டு வந்தேன்.

ஜூலை 17, புதன்

ஆடி பொறந்துடுச்சு. அத்தைக்கும் எனக்கும் சண்டை.

காலையில பத்து மணிக்குப் போட்டா ராத்திரி பத்து வரைக்கும் டிவி ஓடும். அவங்களச் சொல்லவும் மனசு வரல. மாமா போனதுக்கப்புறம் அந்த சத்தம்தான் அவங்களுக்குத் துணை. "நான் பாக்கறது என் சீரியல். புள்ள எங்க பாக்குது? அது பாட்டுக்கு வெளையாடுது"ன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா 2008ல வந்த ஒரு ஆராய்ச்சி பத்தி நேத்து படிச்சேன். அமெரிக்காவுல ஒண்ணு, ரெண்டு, மூணு வயசுப் புள்ளைங்கள பொம்மைங்களோட விட்டு, அரை மணி நேரம் டிவி போட்டும் அரை மணி நேரம் போடாமலும் பாத்திருக்காங்க. பெரியவங்க பாக்கற வினாடி வினா நிகழ்ச்சி, புள்ளைங்களுக்கு ஒண்ணும் புரியாது. எப்பயாவது ஒரு தடவைதான் திரும்பிப் பாத்திருக்குதுங்க. அப்படியும் டிவி ஓடறப்போ ஒரு பொம்மையோட இருக்கற நேரம் குறைஞ்சு போச்சாம்.

இதை அத்தைகிட்ட சொன்னா, "உன் புருஷன் டிவி முன்னாடிதாம்மா வளந்தான், நல்லாத்தானே இருக்கான்"னு கேட்டாங்க. பதில் சொல்லாம ரிமோட்ட எடுத்து பரண் மேல வச்சுட்டேன். வச்சிருக்கக் கூடாது. அவங்க கையில கொடுத்துப் பேசியிருக்கணும்.

ஜூலை 19, வெள்ளி

டிவியும் ஓடல. அத்தையும் பேசல.

ஜூலை 21, ஞாயிறு

பொம்மைங்கள எண்ணினேன். நாப்பத்தி மூணு. பாதிக்கு சக்கரம் இல்ல. நாலு மட்டும் வெளிய வச்சுட்டு மத்ததெல்லாம் அரிசி கோணியில போட்டுக் கட்டிட்டேன். இதுவும் படிச்சதுதான். அமெரிக்காவுல டொலிடோ பல்கலைக்கழகத்துல 36 புள்ளைங்கள, பதினாறு பொம்மையோட ஒரு தடவ, நாலோட ஒரு தடவ விளையாட விட்டிருக்காங்க. நாலு இருந்தப்போதான் ஒவ்வொண்ணோடவும் அதிக நேரம் இருந்துச்சாம், ஒரே பொம்மைய விதவிதமாவும் வச்சு விளையாடுச்சாம்.

நான் வச்ச நாலு: மரக்கட்டை வண்டி, பந்து, அடுக்கு டப்பா, துணி பொம்மை. அவன் எடுத்தது இட்லித் தட்டு.

ஜூலை 24, புதன்

இட்லித் தட்டு 5 நிமிஷம். சாக்பீஸ் 1. அடுக்கு டப்பா 2. துணி மாட்டற கிளிப் 4. பந்து கணக்குல வராது, பந்து பின்னாடி ஓடறான், அவ்ளோதான்.

ஜூலை 28, ஞாயிறு

அடிச்சுட்டேன். முதுகுல. படப் புத்தகத்த மடியில வச்சு, "பாரு, பாருடா, இது என்ன, இது என்ன"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். அவன் எழுந்து ஓடினான். இழுத்து உக்கார வச்சேன். மறுபடி ஓடினான்.

அத்தைதான் தூக்கிக்கிட்டாங்க. என்னை ஒரு வார்த்தை திட்டல. பதினோரு நாள் கழிச்சு பேசினது, "சாப்பிட்டியாம்மா"ன்னுதான்.

ஆகஸ்ட் 1, வியாழன்

இதை சரியா எழுதி வைக்கணும்.

குழாய்த் தண்ணி வந்து குடம் எல்லாம் ரொப்பின நேரம். இவன் டபராவையும் டம்ளரையும் தூக்கிக்கிட்டு வந்து குடத்துகிட்ட நின்னான். தண்ணி வீணாகுமேன்னு இருந்துச்சு. ஒரு பேசின்ல கொஞ்சம் ஊத்தி வாசப்படியில வச்சேன், அப்புறம் செடிக்கு ஊத்திக்கலாம்னு. டீ ஆத்தற மாதிரி டபராவுல இருந்து டம்ளருக்கு, டம்ளர்ல இருந்து டபராவுக்கு. நான் துணி அலசிக்கிட்டு இருந்ததால ஒண்ணும் பேசல.

பதினொரு நிமிஷம்.

பன்னண்டாவது நிமிஷம் நான் வாயத் தொறந்தேன். "குட்டி, டம்ளர் என்ன கலர்?" தலை தூக்கினான். டம்ளரப் போட்டான். எழுந்து போயிட்டான்.

காலையில இருந்து இதையே நெனச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு நாளைக்கு இப்படி எத்தன தடவ கூப்பிடறேன்? இங்க பாரு, அது வேணாம், இதப் பிடி, சொல்லு, மாமாக்கு டாட்டா சொல்லு. அவன் எதுலயாவது இறங்கற நேரம் பாத்து நான் வெளிய இழுத்துடறேனா? நல்லதுன்னு நெனச்சுத்தானே கேட்டேன், கலர் கத்துக்கட்டும்னு.

ஆகஸ்ட் 3, சனி

பதினெட்டாம் பெருக்கு. எலுமிச்சம் சாதம், தயிர் சாதம். கிண்டற கரண்டிய இவன் கேட்டான், கொடுத்தேன், ஆறின சாதத்த அவனும் கிண்டினான். நான் வாயே தொறக்கல. ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கேட் மூடியிருந்துச்சு. பால் வாங்கிட்டு வர்ற வழி. ஆட்டோ, தண்ணி லாரி, சைக்கிள், எல்லாரும் முணுமுணுத்துக்கிட்டு நிக்கறாங்க. எண்ணூர் பக்கம் போற கூட்ஸ். இடுப்புல இருந்தவன் இறங்கணும்னு உதறினான். இறக்கி, கைய மட்டும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்.

அசையல. ஒவ்வொரு பெட்டியா கண்ணு போகுது, திரும்பி வருது, போகுது. நானும் எண்ண ஆரம்பிச்சேன். அம்பத்தெட்டு. வண்டி மெதுவாத்தான் போச்சு. கடைசியில கார்டு வண்டி. கார்டு பச்சைக் கொடிய சுருட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. இவன் விரல் நீட்டினான். நீட்டிட்டுத் திரும்பி என் மூஞ்சியப் பாத்தான்.

பாத்தான். என் மூஞ்சியத்தான். நான் பாத்தேனான்னு பாத்தான்.

கேட் தொறந்து எல்லாரும் ஹார்ன் அடிக்கறாங்க, நான் ரோட்டுல அப்படியே நிக்கறேன். ராத்திரி இவருகிட்ட சொன்னேன். போனப் பாத்துக்கிட்டே "ம்" கொட்டினாரு. போன வாங்கி வச்சுட்டு மறுபடி முதல்ல இருந்து சொன்னேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சளி. மூக்கு ஒழுகுது. இன்னும் பதினோரு நாள், இப்பவா வரணும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தெருவுல கூழ் ஊத்தறாங்க. நாலு பக்கமும் ரேடியோ செட்டு. அம்மன் பாட்டு நெஞ்சுக்குள்ள இடிக்குது. குட்டி காதப் பொத்திக்கிட்டான். கேக்குது, கேக்குதுன்னு சந்தோஷப்பட்டேன். உடனே டாக்டர் சொன்னது ஞாபகம் வந்துடுச்சு. விசில் வேற, பேச்சு வேற.

பின்னாடி ரூமுக்குப் போயி, அவன் முதுகுப் பக்கமா நின்னு, மெல்லப் பேரச் சொன்னேன். திரும்பல. இன்னொரு தடவ. திரும்பினான். மூணாவது தடவ திரும்பல. இதை எப்படிக் கணக்கு வைக்கறது?

ஆகஸ்ட் 14, புதன்

அத்தை மத்தியானம் ஒரு மணி நேரம் மட்டும் டிவி பாக்கறாங்க, குட்டி தூங்கறப்போ, சத்தத்தக் குறைச்சு. நான் கேக்காமலேயே. சாயங்காலம் அவனோட உக்காந்து கிளிப்ப ஒவ்வொண்ணா கொடில மாட்டறாங்க. கேள்வி கேக்கறதில்ல, அவன் மாட்டறதப் பாக்கறாங்க. அவங்க பாத்தா அவனும் பாக்கறான். எனக்கு இது வர்றதுக்கு ஒரு மாசம் ஆச்சு.

ஆகஸ்ட் 16

சளி கொறஞ்சிருக்கு. தொட்டுத் தொட்டுப் பாக்கறேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியத எழுதி வைக்கணும், அங்க போனா மறந்துடும். தண்ணி ஊத்தறது 14 நிமிஷம். இட்லித் தட்டு 9. போன் இல்லாம சாப்பிடறான், வீடு பூரா சோறு. "வண்டி போச்சு"ன்னு ரெண்டு வார்த்தை சேத்துச் சொன்னான், மூணு தடவ. காட்டிட்டு மூஞ்சியப் பாக்கறான். கூப்பிட்டா திரும்பறது இன்னும் சில நேரம்தான். அடிச்சதையும் சொல்லணும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

நாளைக்கு அஞ்சு மணிக்கே எழுப்பிடணுமாம். பதினோரு மணி வரைக்கும் தூங்க விடக் கூடாது, அப்பதான் அங்க தூங்குவான், தூங்கினாதான் பெரான்னு சொல்ற அந்தக் காது டெஸ்ட் எடுக்க முடியும். ஆறு மணி நேரம். டபரா, டம்ளர் ரெண்டையும் பையில வச்சுட்டேன். தண்ணி பாட்டில் ரெண்டு. அத்தையும் வர்றாங்க. பழைய சீட்டு எங்க வச்சேன்னு தெரி

கூட்ஸ் ஊதுது. வாசல்ல நிக்கறான், செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டு.