மாடத்தில் இருப்பவர்மேல் ஒரு துளிகூட இல்லை

ஹோலி ஓவியம் என்றதும் தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்தோடு இருக்கும் உதய்பூர் மகாராணாக்களைத்தான் பலரும் தேடிப் பார்ப்பார்கள். அந்த ஓவியர்கள் கெட்டிக்காரர்கள், ஒரே படத்தில் மகாராணாவை இரண்டு மூன்று இடத்தில் வரைந்து நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கென்னவோ அதைப் பார்த்தால் அரசு விளம்பரம் ஞாபகம் வரும். (நானும் இந்த டெல்லியில் அரசு ஊழியர்தான், சொல்லலாம்.)

எனக்குப் பிடித்தது பாரமாசா. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு படம். ராஜஸ்தானின் பூந்தி சமஸ்தானத்திலும் இமயமலை அடிவாரச் சமஸ்தானங்களிலும் நிறைய வரைந்திருக்கிறார்கள். பலவற்றுக்கும் அடிப்படை ஓர்ச்சா அரசவைக் கவிஞர் கேசவதாஸ் 1601-இல் எழுதிய 'கவிப்பிரியா' என்ற நூல். தலைவன் ஊரைவிட்டுக் கிளம்பப் பார்க்கிறான். தலைவி மாதத்துக்கு ஒரு காரணம் சொல்லித் தடுக்கிறாள். பள்ளிக்கூடத்தில் செலவழுங்குதல் (தலைவன் கிளம்ப நினைத்து, தலைவிக்காகப் பயணத்தை நிறுத்திவைப்பது) படித்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

கார்த்திகை மாதமா? நீரிலும் நிலத்திலும் வானத்திலும் விளக்கு, தம்பதிகள் சூதாடுகிறார்கள், வீட்டிலும் முற்றத்திலும் தெய்வக் கதைகளைச் சித்திரமாக வரைந்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் எங்கே போகிறாய் என்கிறாள். பங்குனியில் இன்னும் ஒரு படி மேலே: ராஜாவும் ஆண்டியும் வெட்கத்தை விட்டுவிட்டார்கள், பெண்கள் இளைஞர்களைப் பிடித்து முகத்தில் வண்ணம் பூசி, கண்ணுக்கு மை வைத்துவிடுகிறார்கள், வாசனைப் பொடி வானம்வரை பறக்கிறது.

ஓவியர் இதை எப்படி வரைகிறார் என்பதில்தான் விஷயம். கீழே தெருவில் மேளம், வண்ணத் தண்ணீர் பீய்ச்சும் பிச்காரி, ஒருவர்மேல் ஒருவர் விழும் கூட்டம். அணில் முடித் தூரிகையால் புள்ளி புள்ளியாகச் சிவப்பு வைத்து, பொடி காற்றில் நிற்பதைக் காட்டிவிடுகிறார். மேலே மாடத்தில் தலைவனும் தலைவியும். உடையில் ஒரு கறை கிடையாது. ராஜாவும் ஆண்டியும் ஒன்று என்று கவிஞர் பாடலாம். படத்துக்குக் காசு கொடுப்பது ராஜா அல்லவா! சமத்துவமெல்லாம் தெருவோடு சரி.

டெல்லியில் எங்கள் மயூர் விஹாரில் நிலைமை வேறு. இங்கே மாடியில் இருப்பவர்கள்தான் எறிகிறவர்கள். ஹோலிக்கு ஒரு வாரம் முன்பே மூன்றாவது மாடிப் பையன்கள் தண்ணீர் பலூனோடு தயாராக இருப்பார்கள். காய்கறி வாங்கப் போன என் மாமியாருக்கு அந்த அனுபவம் கிடைத்தது. கும்பகோணத்திலிருந்து வந்தவர், பாவம், புதுச் சேலை வேறு.

அன்று சாயங்காலம் அவரைச் சமாதானப்படுத்தப் போனில் பாரமாசா படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கதையைச் சொன்னேன். பங்குனி வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

"ஏம்மா, பன்னெண்டு மாசத்துக்கும் படம் இருக்கா?"

"இருக்கு அத்தை."

"எல்லாத்துலயும் இவன் இருக்கானா?"

"இருக்கான்."

"அப்ப இவன் எங்கேயும் போற ஆள் இல்லை. சும்மா மிரட்டுறான்."