நலர்போர் வழியே மேற்கு நோக்கி

ஜூலை 9, 2024, செவ்வாய்

தெற்கு ஆஸ்திரேலியாவின் சீடூனா ஊரில் விடியும் முன்பே டேங்கை நிரப்பிக்கொண்டு, நலர்போர் சமவெளியைக் காரில் கடக்கக் கிளம்பினோம். "அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, விமானத்தில் போய்விடுங்கள்" என்று அடிலெய்டில் சொல்லாதவர் இல்லை. அப்பாதான் பிடிவாதமாக இருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், முன் சீட்டை யாருக்கும் விட்டுத்தரவில்லை.

ஹெட் ஆஃப் பைட் என்ற கடற்கரையில் மதியம் முழுக்கத் தங்கிவிட்டோம். அண்டார்டிக் பக்கத்துக் குளிர்நீரிலிருந்து தென் ரைட் திமிங்கிலங்கள் குட்டி போட இங்கே வருகின்றன. மரப்பாதைக்கு நேர் கீழே ஒரு தாய் அசையாமல் மிதந்தது. தலையில் வெண்திட்டுகள், அவற்றின் அமைப்பை வைத்துத்தான் ஆய்வாளர்கள் ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். குட்டி தாயின் முதுகில் ஏறுவதும் சறுக்கி மறுபக்கம் விழுவதுமாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எண்ணெய்க்காக இந்த இனத்தை ஏறக்குறைய அழித்தே விட்டார்கள். மிஞ்சியவற்றின் வாரிசுகளைப் பார்க்கிறோம் என்று மகளிடம் சொன்னபோது என் குரல் தழுதழுத்தது.

ஜூலை 10, புதன்

கடலோரச் செங்குத்துப் பாறைகளான பண்டா பாறைகளின் விளிம்புக்குக் காற்றில் தள்ளாடியபடி நடந்தோம். நிலம் சட்டென்று முடிந்துபோகிறது. கீழ்ப்பகுதி வெள்ளை, மேலே பழுப்பு. இந்தச் சமவெளி முழுவதும் ஒரு காலத்தில் கடலடித் தரை. சிப்பிகளும் கடலுயிர்களும் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல். மழைநீர் அதற்குள் இறங்கிவிடுகிறது, அதனால் ஆறு என்று ஒன்று கிடையாது. மரங்கள் அரிது, உப்புப்புதரும் நீலப்புதரும்தான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை.

எல்லைச் சோதனைச் சாவடியில் மீதமிருந்த ஆரஞ்சுகளையும் தேன் பாட்டிலையும் வாங்கிவைத்துக்கொண்டார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பயிர்களையும் தேனீக்களையும் நோயிலிருந்து காக்கும் விதி. சரியான விதி என்பேன். இங்கே கடிகாரத்தை முக்கால் மணி நேரம் பின்னுக்கு வைக்க வேண்டும். வழியில் கைகூனா என்ற இடத்தைத் தாண்டினால் இன்னொரு முக்கால் மணி!

சாயங்காலம் யூக்லாவின் பழைய தந்தி நிலையம். 1877-இல் திறந்தது. கிழக்குப் பக்கத்தார் அமெரிக்க மோர்ஸ் தந்திக் குறியீட்டையும் மேற்குப் பக்கத்தார் சர்வதேச மோர்ஸையும் பயன்படுத்தியதால், ஒவ்வொரு செய்தியையும் இங்கே வாங்கி மாற்றி அனுப்ப வேண்டியிருந்தது. பிற்பாடு முயல்கள் பெருகிக் கடற்கரைப் புல்பூண்டுகளைத் தின்று தீர்த்தன. பிடிமானம் இழந்த மணல் ஊருக்குள் புகுந்தது. இப்போது கூரையற்ற சுவர்கள் மட்டும். அப்பா ஒரு ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தார். மணல் அவ்வளவு உயரத்துக்கு வந்திருந்தது.

ஜூலை 11, வியாழன்

கைகூனாவைக் கடந்ததும் சாலையோரத்தில் ஊதுகுழி ஒன்று இருக்கிறது. தரையில் சிறிய பொந்து, கீழே குகை. வெளியே காற்றழுத்தம் கூடினால் குகை காற்றை உள்ளே இழுக்கும். குறைந்தால் வெளியே விடும். மகன் குப்புறப் படுத்து முகத்தைக் காட்டினான், முடி பறந்தது. எங்கள் காலடியில் எவ்வளவு பெரிய வெற்றிடம் இருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றுமில்லாத இடம் என்று சொன்னவர்களையெல்லாம் இங்கே கொண்டுவந்து படுக்கவைக்க வேண்டும்.

அதன்பின் பலடோனியா என்ற இடத்தை நோக்கி 146.6 கிலோமீட்டர் நேர்ச்சாலை, ஒரு வளைவும் கிடையாது. சாலையிலேயே ஆங்காங்கே விமான ஓடுபாதைக் கோடுகள். பறக்கும் மருத்துவர் சேவைக்கானவை. அந்தி சாய்ந்தால் கங்காரு குறுக்கே பாயும் என்பதால் வெளிச்சத்திலேயே ஓட்டி முடித்தோம்.

1841-இல் எட்வர்ட் ஜான் ஐர் (Eyre) என்ற ஆங்கிலேயர் இந்தக் கரையோரமாக நடந்து கடந்தார் என்று வழிநெடுகப் பலகைகள் சொல்கின்றன. கடைசிவரை அவருடன் நடந்த பழங்குடி இளைஞர் வைலியின் பெயரும் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். இது மிர்னிங் மக்களின் நிலம்.

ஜூலை 12, வெள்ளி

நார்ஸ்மன் ஊர் வந்து சேர்ந்தோம். யூகலிப்டஸ் காடு தொடங்கிவிட்டது. அடுத்த முறை யூக்லாவில் இன்னும் ஒரு நாள் தங்க வேண்டும் என்று அப்பா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார். மனைவியும் சம்மதித்துவிட்டாள்.