பாட்டில் அடியில படிஞ்சிருந்த வெள்ளை

செல் கல்ச்சர் ப்ராசஸ் டெவலப்மென்ட்ல, அதாவது உயிருள்ள செல்ல வளர்த்து மருந்து பண்ற முறைய உருவாக்கற வேலையில, நான் சேர்ந்து மூணாவது வருஷம் நடந்தது இது. ஹைதராபாத்ல ஒரு கம்பெனி. மார்பகப் புற்றுநோய்க்கு குடுக்கற ட்ராஸ்டுசுமாப்ங்கற ஆன்டிபாடியோட (நோய்ச் செல்ல குறிவச்சு ஒட்டற புரதம்) பயோசிமிலர்தான், அதாவது ஒரிஜினல் மருந்துக்கு நிகரா வேற கம்பெனி பண்றதுதான், எங்க ப்ராஜெக்ட். ஆறு மாசமா முட்டி மோதியும் டைட்டர், அதாவது ஒரு லிட்டர் கல்ச்சர்ல கிடைக்கற ஆன்டிபாடி, 2 கிராம ஒட்டியே நின்னுது. மீட்டிங்குக்கு மீட்டிங் எல்லாரும் சொன்னது ஒண்ணேதான், க்ளோன் (ஆன்டிபாடி பண்ண தேர்ந்தெடுத்த ஒரே செல்லோட வாரிசுங்க) சரியில்ல, வேற க்ளோன் எடுக்கணும். வேற க்ளோன்னா மறுபடி முதல்லேருந்து, கிட்டத்தட்ட ஒரு வருஷம் போயிடும்.

2 கிராமா 3 கிராமாங்கறது ஏன் இவ்ளோ பெரிய விஷயம்னு வீட்ல கேப்பாங்க. ஒரு கணக்கு சொல்றேன். 60 கிலோ எடை இருக்கற ஒரு அம்மாவுக்கு மூணு வாரத்துக்கு ஒரு தடவ மருந்து ஏத்தறாங்கன்னு வைங்க, முதல் டோஸ் கிலோவுக்கு 8 மில்லிகிராம், அப்புறம் ஒவ்வொரு தடவையும் 6, ஒரு வருஷத்துக்கு 18 டோஸ், எல்லாம் கூட்டினா 6.6 கிராம் வருது. ப்யூரிஃபிகேஷன்ல 30 சதவீதம் போயிடுதுன்னு வச்சா, லிட்டருக்கு 2 கிராம்ங்கற கல்ச்சர்ல அந்த ஒருத்தங்களுக்கு மட்டும் கிட்டத்தட்ட 5 லிட்டர் வேணும். அதே டைட்டர் 3.2 ஆனா 3 லிட்டர் போதும். அதே ரியாக்டர், அதே மின்சாரம், அதே 14 நாள், ஆனா இன்னும் அத்தன பேருக்கு மருந்து. எனக்கு டைட்டர்ங்கறது எப்பவுமே இந்த கணக்குதான்.

நாங்க வளர்க்கறது சோ (CHO) செல். சைனீஸ் ஹாம்ஸ்டர்னு ஒரு சின்ன எலி மாதிரி பிராணி, அதோட சினைப்பையிலேருந்து 1957ல அமெரிக்காவுல கொலராடோவுல தியோடர் பக்ங்கறவர் எடுத்து வளர்த்த செல்லோட வாரிசுங்கதான் இன்னிக்கு உலகம் பூரா பெரிய பெரிய டேங்க்ல வளருது. 80கள்ல இதுலேருந்து லிட்டருக்கு 50, 100 மில்லிகிராம் வந்தாலே பெருசு. இப்ப 5 கிராம் சர்வசாதாரணம். இந்த வளர்ச்சியில பாதிக்கு மேல செல்லுக்கு சாப்பாடு போடறத கத்துக்கிட்டதுல வந்ததுன்னு நான் நம்பறேன்.

சாப்பாட்டுலதான் நானும் ஆரம்பிச்சேன். அப்ப குளுக்கோஸ நாளைக்கு ஒரே வேளையா ஊத்திட்டு இருந்தோம், லிட்டருக்கு 6, 7 கிராம் வரைக்கும் ஏறும். பந்தியில எல்லாத்தையும் ஒரே நேரத்துல இலையில கொட்டினா எப்படி இருக்கும், அப்படித்தான். செல் அத்தனையும் அவசர அவசரமா லாக்டேட்டா (ஒரு அமிலக் கழிவு) மாத்தி வெளிய தள்ளும், பிஹெச் இறங்கும், கன்ட்ரோலர் பேஸ் (காரம்) ஊத்தும், ஊத்த ஊத்த உப்பு ஏறி செல் வளராம நிக்கும். குளுக்கோஸ 2, 3 கிராம்லயே நிக்கற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா விட ஆரம்பிச்சதும் ஆறாம் நாளுக்கு மேல செல்லுங்க அந்த லாக்டேட்டையே எடுத்து சாப்பிட ஆரம்பிச்சுது. வயபிலிட்டி, அதாவது உயிரோட இருக்கற செல்லோட சதவீதம், நல்லா நின்னுது. ஆனா டைட்டர் 1.9லேருந்து 2.1 ஆச்சு, அவ்ளோதான்.

குழப்பமே அங்கதான். அந்த வருஷ தீபாவளி சரியா ஒரு பேட்ச்சோட ஒன்பதாம் நாள் விழுந்துது, ரூம்ல எண்ணெ தேச்சு குளிச்சுட்டு நேரா லேபுக்கு வந்து சாம்பிள் எடுத்தேன். ட்ரைபேன் ப்ளூ போட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தா செல்லெல்லாம் உருண்டையா பளிச்சுனு இருக்கு, செத்து நீலம் ஏறுனது நூத்துக்கு அஞ்சாறு கூட இல்ல. உயிரோட இருக்கு, குளுக்கோஸ் சாப்பிடுது, ஆனா எட்டாம் நாள்லேருந்து ஆன்டிபாடி மட்டும் பண்ண மாட்டேங்குது. ஒவ்வொரு பேட்ச்லயும் அதே எட்டாம் நாள். க்ளோன் சரியில்லன்னா முதல் நாள்லேருந்தே சரியில்லாம இருக்கணும்ல, எட்டாம் நாள் வரைக்கும் நல்லா பண்ணிட்டு அப்புறம் ஏன் நிறுத்துதுன்னு மண்டைய உடைச்சுட்டு இருந்தேன்.

செல்லுக்கு சாப்பாட்டுக் கரைசல் தயாரிக்கற மீடியா ப்ரெப்ல தூத்துக்குடிக்காரர் ஒரு அண்ணன் இருந்தாரு, இருபது வருஷ அனுபவம். அடுத்த பேட்ச்ல கோல்ட் ரூம்லேருந்து ஃபீட் (செல்லுக்கு நடுநடுவுல விடற சாப்பாடு) பாட்டில எடுத்துட்டு வந்தவரு என்னை கூப்பிட்டாரு. "தம்பி, இங்க வா, இத கொஞ்சம் சாய்ச்சு வெளிச்சத்துல பாரு." பாத்தேன். அடியில மெல்லிசா ஒரு வெள்ளைப் படலம், கோலமாவு தூவுன மாதிரி. குலுக்கினா எழும்பி மினுமினுன்னு சுத்திட்டு மறுபடி கீழ உக்காருது. "ரெண்டு நாளாச்சுனா இப்படித்தான் படியுது, நீங்கள்லாம் டியூப மேல்தண்ணியிலயே விட்டுட்டு போறீங்க"ன்னாரு.

டைரோசின். மத்த அமினோ அமிலம் பெரும்பாலும் தண்ணியில தாராளமா கரையும், இது நடுநிலை பிஹெச்ல லிட்டருக்கு அரை கிராம் கூட கரையாது. எங்க ரெசிபில லிட்டருக்கு பல கிராம் எழுதியிருக்கு. தயாரிக்கும்போது காரம் சேர்த்து சூட்டோட கலக்கறதால தெளிவா இருக்கும், பிஹெச்ச இறக்கி உடனே ஃபில்டர் பண்ணினா டைரோசினும் படியாம ஃபில்டர தாண்டி போயிடும், அப்புறம் 4 டிகிரியில ராத்திரி பூரா நின்னு மெதுவா கீழ இறங்கியிருக்கு. பேப்பர்ல நாங்க போட்ட டைரோசின் வேற, செல்லுக்கு போய் சேர்ந்தது வேற. எடுத்து வச்சிருந்த பழைய சாம்பிளையெல்லாம் அமினோ அமிலம் பாக்க அனுப்பினோம், ஏழாம் நாளே டைரோசின் கிட்டத்தட்ட பூஜ்யம்.

அதவிட என்னை தூங்க விடாதது மாஸ் ஸ்பெக் (மூலக்கூறோட எடைய அளக்கற கருவி) ரிசல்ட்தான். டைரோசின் கிடைக்காம போனா செல் சில இடத்துல அதுக்கு பதிலா ஃபினைல்அலனைன்ங்கற இன்னொரு அமினோ அமிலத்த வச்சு கட்டிடும், பாக்க ரெண்டும் ஒரே ஜாடை. கொஞ்சூண்டுதான் இருந்துது. ஆனா இருந்துது. இது ஒருத்தங்க நரம்புல ஏறப்போற மருந்து, டைட்டர மட்டும் பாத்துட்டு இருந்திருந்தா இத எப்ப கண்டுபிடிச்சிருப்போம்னு இப்ப நெனச்சாலும் வயித்த பெசையுது.

சரிபண்ணது எளிமையான விஷயம்தான். டைரோசினையும், அதே மாதிரி சரியா கரையாத சிஸ்டினையும் தனி பாட்டிலுக்கு மாத்தி பிஹெச் 11ல கரைச்சு வச்சோம், அதுல ரெண்டும் படியாம நிக்கும். முதல் தடவ வேகமா விட்டதுல ரியாக்டர் பிஹெச் ஒரே தூக்கா 7.3க்கு போயி, கன்ட்ரோலர் கார்பன் டை ஆக்சைட அள்ளி விட்டுது. அப்புறம் ஒரு மணி நேரம் சொட்டு சொட்டா விட்டு பழகினோம். அந்த பேட்ச்ல எட்டாம் நாள் டைட்டர் கோடு மடங்கல, நேரா ஏறிட்டே போச்சு. பதினாலாம் நாள் 3.1. அதே க்ளோன்.

உடனே எல்லாருக்கும் ஆசை வந்துடுச்சு, எல்லா ஃபீடையும் ஏத்தி 4 கிராம் வரைக்கும் கொண்டு போனோம். அமோனியா ஏறி ஆன்டிபாடி மேல இருக்கற சர்க்கரைச் சங்கிலியில கேலக்டோஸ் குறைஞ்சு போச்சு, ஒரிஜினல் மருந்தோட ரேஞ்சுக்கு வெளிய. பயோசிமிலருக்கு அது ஆகாது. நான்தான் மீட்டிங்ல அந்த 4 கிராம விட்டுடலாம்னு சொன்னேன், ரொம்ப பேருக்கு பிடிக்கல, இன்னிக்கும் அது சரின்னுதான் சொல்வேன். ஃபீட குறைச்சு, கேலக்டோஸ் சேர உதவற மாங்கனீஸ் துளி சேர்த்து 3.2ல நின்னோம்.

பேட்ச் ரெக்கார்ட்ல ஒரு வரி புதுசா சேர்த்தோம்: ஃபீட் பாட்டில சாய்ச்சு, அடிப்பகுதிய வெளிச்சத்துல பாத்து, படிவு இருக்கா இல்லையான்னு எழுதவும். அந்த வரிக்கு நேரா முதல் கையெழுத்து அண்ணன்தான் போடணும்னு கேட்டேன். கண்ணாடிய போட்டுட்டு, பாட்டில ட்யூப்லைட் பக்கம் தூக்கி ஒரு நிமிஷம் நிதானமா பாத்துட்டு, "இல்ல"ன்னு எழுதி கீழ கையெழுத்து போட்டாரு.