காலையில் போட்ட பாலிஷ்

ஜூலை 3
ஆங்கிலேய எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792-இல் எழுதிய பெண்ணுரிமைப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்ததில் ஆண்டு மட்டும்தான் மிச்சம். பெண்களுக்கு வீட்டுக்குத் தேவையான படிப்பே போதும் என்று 1791-இல் பிரான்சில் கல்வி அறிக்கை கொடுத்தவர் தாலிரான். புத்தகத்தை அவருக்கே சமர்ப்பணம் செய்திருக்கிறார் இந்த அம்மாள். வெற்றிலை பாக்கு வைத்துச் சண்டைக்கு அழைத்த மாதிரி!

ஜூலை 5
இன்று தத்துவஞானி ரூசோ மாட்டிக்கொண்டார். பொம்மையும் அலங்காரமும் பெண் குழந்தைக்குப் பிறவி ஆசை என்றவர் அவர். மேரி விடவில்லை: ஓடியாட விட்டால் அவளும் துள்ளித் திரிவாள்; அடைத்து வைத்தால்தான் வேறு வழியில்லாமல் பொம்மையைத் தேடுவாள். ரூசோவைவிட அதிகம் சிறுமிகளைப் பார்த்தவள் நான் என்று ஒரு குத்து வேறு. லண்டனை ஒட்டிய நியூயிங்டன் கிரீனில் பள்ளி நடத்தியவர், அயர்லாந்தில் ஒரு பிரபுவின் பெண்களுக்குப் பாடம் சொன்னவர். சொல்லலாம்தான்.

ஜூலை 8
மகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். பி.டி. பீரியடில் பையன்களுக்குப் பந்து, பெண்களுக்கு வேப்பமரத்தடி. "சும்மா உக்காரச் சொன்னாங்கம்மா." காலையில் பாலிஷ் போட்ட ஷூ அப்படியே பளபளத்தது.

ஜூலை 9
தூக்கம் வராமல் பன்னிரண்டாம் அத்தியாயம். ஐந்து வயதிலிருந்து ஒன்பது வரை ஆணும் பெண்ணும், ஏழையும் பணக்காரரும் ஒரே பள்ளியில். ஒரே மாதிரி உடை, கட்டணம் கிடையாது. பள்ளியைச் சுற்றிப் பெரிய மைதானம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிள்ளைகளைத் தொடர்ந்து உட்கார வைக்கக் கூடாதாம். இதைப் படித்ததும் அந்த வேப்பமரம்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் ஒன்பதுக்கு அப்புறம் சறுக்குகிறார். திறமையோ பணமோ உள்ளவர்களுக்கு மேல்படிப்பு, மற்றவர்களுக்குக் கைத்தொழில். அந்தக் கைத்தொழில் பிள்ளைகளில் ஆணும் பெண்ணும் காலையில் சேர்ந்து படிக்கலாம், மதியம் பெண்கள் தையலுக்குப் போக வேண்டும். பணம் எங்கிருந்து உள்ளே வந்தது? இவ்வளவு தூரம் வந்தவர் இங்கே ஏன் நின்றாரோ. என் மகளுக்கு செப்டம்பரில் ஒன்பது முடிகிறது. அவளுடைய திறமை என்ன என்று எனக்கே இன்னும் தெரியாது.

ஜூலை 11
பள்ளிக்குப் போய்க் கேட்டேன். "வெயில்ல கறுத்துடும்னு சில அம்மாக்களே சொல்றாங்க மேடம்" என்றார் ஆசிரியை. என் பிள்ளை கறுக்கட்டும் என்றேன்.

ஜூலை 15
எட்டுப் பெண்களுக்கு ஒரு ஸ்கிப்பிங் கயிறு கொடுத்திருக்கிறார்களாம்.