சபாத்தும் சாரணர் முகாமும்

வெள்ளி இரவு போய்ச்சேர்ந்து, சனி முழுக்கப் பயிற்சி, ஞாயிறு திரும்புதல். அமெரிக்கச் சாரணர் குழுக்களின் இந்த வழக்கமான அட்டவணையில், சபாத் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான யூதரின் வார ஓய்வுநாள்) கடைப்பிடிக்கும் யூதப் பிள்ளைக்கு இடமே இல்லை. வெள்ளியன்று சூரியன் மறைய 18 நிமிடத்துக்கு முன்பே விளக்கேற்றுவார்கள். அதற்குள் பயணம், கூடாரம், சமையல் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். சனி இரவு விண்மீன் தெரியும்வரை தீ மூட்டுவதில்லை, எழுதுவதில்லை, வண்டியேறுவதில்லை. பேட்ஜ் தேர்வை ஞாயிறுக்கு மாற்றுங்கள். தன்னார்வத் தலைவருக்கு அது ஒரு தொலைபேசி அழைப்புதான்.

உணவில்தான் அதிகம் தவறுகிறோம். பன்றி இறைச்சியை விலக்கினால் போதாது. இறைச்சியும் பாலும் சேரக்கூடாது; பன்றி இறைச்சியோ இப்படிச் சேர்த்ததோ சமைத்த சட்டியும் உதவாது. கோஷர் (யூத உணவு விதிக்கு ஏற்றது) முத்திரையுள்ள பிரிக்காத பொட்டலங்கள், புதுச் சட்டி, புதுக் கரண்டி வாங்குங்கள். பொது அடுப்பில் சூடாக்குவதானால் அலுமினியத் தாளில் இரண்டு சுற்று சுற்றுங்கள். நெருப்பில் வாட்டும் மார்ஷ்மெலோவையும் பாருங்கள்: அதிலுள்ள ஜெலட்டின் பெரும்பாலும் பன்றியிலிருந்து வருவது. ஒரு பிள்ளை வெறுங்கையோடு நெருப்போரம் உட்கார்ந்திருப்பது கொடுமை.

எதையும் ஊகிக்காமல் மூன்று வாரம் முன்பே பெற்றோரைக் கேளுங்கள். கடைப்பிடிப்பு வீட்டுக்கு வீடு மாறும்.